நர்சிங் சேரும் முன்: பதிவு எண் தரும் படிப்பு எது?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் "பத்தாம் வகுப்பு போதும், ஒரே வருடத்தில் நர்ஸ்" என்ற நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து உதவியாளராகவோ, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவராகவோ வேலை கிடைக்கலாம். ஆனால் நர்சாகப் பதிவு செய்ய முடியாது. பெரிய மருத்துவமனைகளின் வேலை விளம்பரத்தில் "ஆர்.என்.ஆர்.எம்." (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப்) என்று போட்டிருப்பார்களே, அந்தப் பதிவு எண்தான் இந்தத் தொழிலுக்கான உரிமம். இங்கே அதைத் தருவது தமிழ்நாடு நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சில்.

அந்த எண்ணுக்கு இரண்டு வழிகள் உண்டு, ஆண்களும் சேரலாம்.

முதலாவது பி.எஸ்சி. நர்சிங், 4 வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40), ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங்கில் நிரப்புகிறது, நீட் தேவையில்லை. புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் ஜிப்மருக்கும் ராணுவ நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்டு மிட்வைஃபரி) டிப்ளமோ, 3 வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் 40 சதவீதம் போதும். அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை உண்டு, மற்ற குரூப்பில் படித்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. அரசு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பித்தால், அந்த வருடத் தகவல் குறிப்பேட்டில் என்னென்ன பாடங்கள் கேட்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிப்ளமோதானே என்று தயங்க வேண்டாம். இதை முடித்தாலும் அதே ஆர்.என்.ஆர்.எம். பதிவுதான். அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் செவிலியர் தேர்வையும் எழுதலாம். அப்புறம் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் பட்டமும் வந்துவிடும், எம்.எஸ்சி.க்கும் வழி திறக்கும். வீட்டில் சீக்கிரம் ஒரு சம்பளம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

2 வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மகப்பேறு உதவியாளர்) படிப்பு வேறு. பெண்களுக்கு மட்டுமான அந்தப் படிப்பு கிராம சுகாதார செவிலியர் வேலைக்கானது. அதற்கும் கவுன்சிலில் பதிவு உண்டு, ஆனால் ஏ.என்.எம். என்றே பதிவாகும்.

சரி, கல்லூரியை எப்படிச் சோதிப்பது? அட்மிஷன் மேசையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிந்ததும் எந்தக் கவுன்சிலில், என்னவென்று பதிவாகும்?" நேராகப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதில் வந்தாலும், மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பதையோ கேளுங்கள். கட்டணம் கட்டுவதும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுப்பதும் அதற்குப் பிறகு.

வேறு மாநிலத்தில் படித்தவர்கள் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாடு போகிறவர்களின் பதிவையும் கவுன்சில்தான் சரிபார்த்துக் கொடுக்கும். அதனால் சான்றிதழ்களில் பெயர், பிறந்த தேதி ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கும்படி படிக்கும்போதே திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.