காந்தம் வேலை செய்யாதுன்னா, எலக்ட்ரானைத் தள்ளிவிடுறது யாரு?

பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருத்தன் கேட்டான், காந்த விசை எப்பவும் துகள் போற திசைக்கு செங்குத்தா இருக்கும், அதனால அது வேலையே செய்யாது, அதாவது துகளுக்கு எனர்ஜி தராதுன்னு படிச்சோமே, அப்புறம் பூமியோட காந்த வால்ல எலக்ட்ரானுக்கு எனர்ஜி எங்கிருந்து வருதுன்னு. அருமையான கேள்வி, பதில் அவன் புத்தகத்துலயே அடுத்த பாடத்துல இருக்கு.

சூரியக் காற்று செகண்டுக்கு சுமார் 400 கி.மீ. வேகத்துல வந்து பூமியோட காந்தப்புலத்தை ராத்திரி பக்கம் நிலாவைத் தாண்டியும் வாலா இழுத்துடுது. வாலோட மேல்பாதியில காந்தப்புலக் கோடுகள் பூமியை நோக்கி, கீழ்பாதியில எதிர்த்திசையில, நடுவுல பிளாஸ்மா, அதாவது மின்னூட்டத் துகள்கள் நிறைஞ்ச வாயு, ஒரு படலமா இருக்கும். அது ரொம்ப மெலிஞ்சா எதிரெதிர் கோடுகள் அறுந்து மறுபடி வேற விதமா ஒட்டிக்கும், பூமிப் பக்கம் ஒட்டினது இழுத்துவிட்ட உண்டிவில் ரப்பர் மாதிரி, எலக்ட்ரான்களையும் கூட்டிக்கிட்டு பூமியைப் பார்த்து சுருங்கிப் பாயும். இதுக்குப் பேர் மறு இணைப்பு.

இனிமேதான் அழகே. பூமி கிட்ட வர வர புலம் 5 நானோடெஸ்லாலேருந்து (இது காந்தப்புலத்தை அளக்கற அலகு) 50 ஆகுதுன்னு வைங்க, மாறுற காந்தப்புலம் தன்னைச் சுத்தி மின்புலத்தை உண்டாக்கும்னு ஃபாரடே சொன்னாரே, அந்த மின்புலம் எலக்ட்ரானை அது சுத்துற வட்டத்துலயே தள்ளிவிடுது, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம். புரோட்டான் எதிர்ப்பக்கம் சுத்தும், ஆனா மின்னூட்டமும் எதிர்ங்கறதால அதுக்கும் லாபம்தான்! சுத்துற எனர்ஜியைப் புலத்தால வகுத்தா வர்ற எண் மாறாது, அதனால புலம் 10 மடங்குன்னா எனர்ஜியும் 10 மடங்கு. இது பீட்டாட்ரான் முடுக்கம். கூடவே, கோட்டோட ரெண்டு முனையிலயும் புலம் பலமா இருக்கறதால எலக்ட்ரான் அங்க போய்த் திரும்பித் திரும்பி வரும், கோடு சுருங்கி நீளம் பாதியானா கோட்டு வழியா ஓடுற உந்தம் ரெட்டிப்பாகும், எனர்ஜி 4 மடங்கு. இது ஃபெர்மி முடுக்கம்.

2008 பிப்ரவரி 26 அன்னைக்கு நாசாவோட தெமிஸ் செயற்கைக்கோள்கள், நிலா தூரத்துல மூணுல ஒரு பங்கு தொலைவுல இந்த மறு இணைப்பு நடந்து சுமார் ஒன்றரை நிமிஷத்துல துருவ ஒளி பளிச்சுன்னு ஏறினதைப் பிடிச்சுச்சு.

பௌர்ணமியை ஒட்டி நிலா சில நாள் இந்த வாலுக்குள்ளதான் இருக்கும், 2019ல சந்திரயான்-2ல இருந்த கிளாஸ்ங்கற (CLASS) எக்ஸ்ரே கருவி அங்க துகள்களோட ஏற்ற இறக்கத்தை அளந்துச்சு. இதை வெச்சு பௌர்ணமி சக்தி மனுசனைப் பாதிக்கும்னு கிளம்பாதீங்க, இந்தத் துகளெல்லாம் வளிமண்டலத்துலயே நின்னுடும். ஆனா ஒத்தை செயற்கைக்கோளால, புலம் நேரத்தோட மாறுச்சா இல்ல இடத்துக்கு இடம் வேறயான்னு பிரிச்சு சொல்ல முடியாது, நாசா எம்எம்எஸ்ங்கற திட்டத்துல 4 செயற்கைக்கோளை சேர்த்து அனுப்புனதே அதுக்காகத்தான். நம்ம இஸ்ரோவும் வாலுக்குள்ள அப்படி ஒரு கூட்டத்தை அனுப்பணும், அதுக்குப் பணம் ஒதுக்கறது கண்டிப்பா வீண் செலவு இல்ல.