பினோய்: முன்பாதியை வெட்டிச் செய்த பெயர்

மணிலா விமான நிலையத்தின் பெயர் நினோய் அகினோ. 1983-ல் அதே நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த எதிர்க்கட்சித் தலைவரின் இயற்பெயர் பெனிக்னோ. அது எப்படி நினோய் ஆனது என்று புரிந்தால், பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் ‘பினோய்’ என்ற சொல்லும் புரிந்துவிடும்.

வேலை இரண்டே படிகளில் முடிகிறது. முதலில் சொல்லின் முன்பகுதி போகிறது: பிலிப்பினோவில் ‘பிலிப்’ கழிந்து ‘பினோ’ மிஞ்சும். ஆங்கிலேயர்கள் பெயரைச் சுருக்கும்போது பெரும்பாலும் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவார்கள். பிலிப்பைன்ஸின் முக்கிய மொழியான தகலோக்கின் பேச்சில் தலை போவது சகஜம். அமெரிக்கர் என்று பொருள்படும் ‘அமெரிகானோ’ அங்கே வெறும் ‘கானோ’. இரண்டாவது படியில், மிஞ்சிய துண்டின் கடைசி உயிருக்குப் பின்னால் ஒரு ‘ய்’ ஒட்டிக்கொள்கிறது. பினோ, பினோய். பெனிக்னோவும் முன்பகுதியை இழந்து, ‘ய்’ ஒட்டி நினோய் ஆனது இப்படித்தான். செல்லமும் நெருக்கமும் தரும் ஒட்டு இது. கார்லோஸ் என்று பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் ‘கலோய்’ என்று கூப்பிடுவது இதனால்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்ற கார்லோஸ் யூலோவும் ஊராருக்குக் கலோய்தான்.

பெண்ணைக் குறிக்க ‘பினாய்’ என்பார்கள். இது கவனிக்க வேண்டிய இடம், ஏனென்றால் தகலோக் இலக்கணத்தில் பால் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ‘சியா’ என்ற ஒரே சொல். பிறகு ஓய், ஆய் என்ற இணை எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மொழியிலிருந்து. பிலிப்பினோ ஆண், பிலிப்பினா பெண். கடைசி உயிரை அப்படியே விட்டு ‘ய்’ சேர்த்ததால் அந்த வேறுபாடும் உள்ளே தங்கிவிட்டது. கலப்பினத்தவரைக் குறிக்கும் மெஸ்திசோ, மெஸ்திசா என்ற சொற்கள் திசோய், திசாய் ஆனதும் இதே வழியில்தான்.

‘ஓய்’ என்ற முடிவைப் பார்த்து, இதைத் தகலோக்கின் ‘உங்கோய்’ (குரங்கு), ‘பாபோய்’ (பன்றி) என்ற சொற்களோடு முடிச்சுப் போடத் தோன்றலாம். பொருந்தாது. அவற்றில் ‘ஓய்’ வேர்ச்சொல்லின் பகுதி. பினோயில் ‘ஓ’ ஸ்பானிய விகுதி, ‘ய்’ பின்னால் வந்த ஒட்டு. குரங்கிலிருந்து பிறந்திருந்தால் பினாய்க்கு விளக்கமே கிடைக்காது.

மூலச்சொல்லின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1543-ல் வில்லலோபோஸ் என்ற ஸ்பானிய மாலுமி லெய்த்தே, சமார் தீவுகளுக்கு அன்றைய இளவரசர் ஃபெலிப்பேயின் பெயரைச் சூட்டினார். ஆனால் ‘ஃபிலிப்பினோ’ என்பது நெடுங்காலம் அங்கே பிறந்த ஸ்பானியரைத்தான் குறித்தது. மண்ணின் மக்கள் ‘இந்தியோ’ என்றே அழைக்கப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் தலைமுறைதான் அந்தப் பெயரைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

அதில் எழுத்துச் சண்டையும் உண்டு. தகலோக்கில் ‘ஃப’ ஒலி இயல்பாகக் கிடையாது. ஃபியெஸ்தா ‘பிஸ்தா’ ஆகும், கஃபே ‘கபே’ ஆகும் (நாம் காபி குடிப்பது போலத்தான்). 1959-ல் தேசிய மொழிக்கு ‘பிலிபினோ’ என்று பகரத்தில் பெயரிட்டார்கள். 1987 அரசியல் சட்டம் அதை ‘ஃபிலிபினோ’ ஆக்கியது. எது சரி என்ற வாதம் பினோயைத் தொடுவதே இல்லை. தகராறுக்குக் காரணமான முதல் எழுத்துதான் வெட்டுப்பட்டுவிட்டதே!

சொல் அச்சில் தென்படத் தொடங்குவது 1920-களில், அதுவும் அமெரிக்காவில். 1898-க்குப் பிறகு பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்ததால், அதன் மக்கள் குடியுரிமை இல்லாவிட்டாலும் அங்கே போய் வேலை செய்ய முடிந்தது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பகுதி ஆஸ்பராகஸ் வயல்களிலும், அலாஸ்காவில் சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளிலும் உழைத்த இளைஞர்கள் தங்களுக்குள் பினோய் என்று சொல்லிக்கொண்டார்கள். 1930-ல் அமெரிக்கப் பெருநிலத்தில் சுமார் 45,000 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் ஆண்கள். செல்லமாகவும் சொன்னார்கள், மட்டம் தட்டவும் சொன்னார்கள். 1934-ல் வந்த சட்டம் குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேராகக் குறைத்தது, சொல் குறையவில்லை. 1970-களில் மணிலாவின் ‘பினோய் ராக்’ இசையோடு அது பெருமைப் பெயராகவே ஆனது.

பயன்படுத்தும்போது: ஆண்கள், பெண்கள் கலந்த கூட்டத்துக்கு ‘பினோய்’ போதும், பன்மைக்கு முன்னால் ‘மங்கா’ சேர்ப்பார்கள். அழுத்தம் கடைசி அசையில் விழும். கடவுச்சீட்டு, விண்ணப்பம், அலுவலகக் கடிதம் எதிலும் இது வராது, அங்கே பிலிப்பினோதான். பேச்சில் இன்னும் விளையாட வேண்டுமென்றால் அசைகளை இடம் மாற்றி ‘நோய்பி’ என்பார்கள். நினோயின் மகன், 2010 முதல் 2016 வரை அதிபராக இருந்தவர், தன்னைப் ‘பி-நோய்’ என்று அழைக்கச் சொன்னார். ‘பி’ அதிபரைக் குறிக்கும் ‘பிரசிடென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, ‘நோய்’ அவருடைய செல்லப்பெயரான நோய்நோயின் பாதி.