முகம் சுளித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு கிலோ எடையுள்ள வெள்ளை ஸ்பிட்ஸ் நாய் ஒன்றை ஒரு இளைஞர் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு என் சிகிச்சையகத்துக்குள் ஓடி வந்தார். அதன் கழுத்து பின்னோக்கி விறைத்திருந்தது. நான்கு கால்களும் நீந்துவதுபோல் உதைத்துக்கொண்டிருந்தன. காது மடலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகக் குறைந்து 32 என்று காட்டியது. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் அது தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான், என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்க முடிந்தது.

அந்த நாய்க்கு வயது ஒன்பது. நான்கு மாதங்களாக நீரிழிவுக்கு என்னிடம்தான் சிகிச்சை. (கருத்தடை அறுவை செய்யாத, வயதான பெட்டை நாய்களுக்கு இந்நோய் வருவது எங்களுக்கு அன்றாடம், அந்த அறுவையை ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன், கேட்டால் வீட்டில் சண்டைதான் வருகிறது.) வேளைக்கு 4 யூனிட் இன்சுலினில் தொடங்கினோம். சர்க்கரை 400-க்குக் கீழே இறங்கவே இல்லை. 6 ஆக்கினேன், பிறகு 9. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு அம்மாவிடம், "இரண்டு வேளையும் ஊசி சரியாகப் போகிறதல்லவா?" என்று கேட்டேன். அவரும் தலையசைத்தார். வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுப்பில் வந்த மகன், எழுதிக் கொடுத்தபடியே காலையும் மாலையும் தவறாமல் 9 யூனிட் போட்டார். மூன்றாம் நாள் வலிப்பு.

மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில் அந்த அம்மா கதவோரம் நின்றபடியே சொன்னார்: "சாயந்தர ஊசி பாதி நாள் போடலை டாக்டர். ஏழு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டா அது கட்டிலுக்கு அடியில போயிடும். நானும் பார்க்காத மாதிரி இருந்துடுவேன்." ஊசி விட்டுப்போவது தெரியாமல்தான் நான் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். நாய் மகனுடையது, படிப்பு முடிந்து விமானம் ஏறியபோது அம்மாவிடம் விட்டுச் சென்றது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "வாயில்லா ஜீவனுக்குச் செய்யறதுல சலிச்சுக்கறேன்னு நினைப்பீங்க" என்றார்.

இந்த ஆண்டில் இப்படி நான் கேட்கும் எத்தனையாவது வாக்குமூலம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

நம் ஊரில் நோயாளியைக் கவனித்துக்கொண்டவர்களைப் பாராட்ட ஒரே ஒரு வாசகம்தான் இருக்கிறது: "முகம் சுளிக்காமல் செய்தார்." மாமியாருக்குச் செய்த மருமகளுக்கும் இதே பாராட்டு, படுத்த நாய்க்குச் செய்தவருக்கும் இதே பாராட்டு. இதன் மறுபக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. முகம் சுளித்தால் அன்பில்லை என்றும், அலுத்துக்கொண்டால் பாவம் என்றும் ஆகிவிடுகிறது. நான் பார்த்தவரையில் இது முழுப் பொய். அன்பில்லாதவர்கள் என்னிடம் வருவதே இல்லை. அவர்கள் நாயை ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து சிறுநீர்த் துணியை மாற்றுபவர், சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்ற வீட்டு ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடக் கற்றுக்கொண்டவர், மூளை தளர்ந்து விடியவிடிய வீட்டைச் சுற்றிவரும் கிழட்டு லாப்ரடாருக்காக வெறுந்தரையில் படுப்பவர் ஆகியோர்தான் களைத்துப்போகிறார்கள், ஏனெனில் வேலையைச் செய்பவர்கள் அவர்கள்தான். களைப்பு என்பது தூக்கமும் பணமும் பொறுமையும் எவ்வளவு செலவாயின என்ற கணக்கு. அதை வைத்துப் பாசத்தை அளக்க முடியாது. "இது சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை" என்று ஒரு நொடி மனத்தில் ஓடுவதும், மறு நொடியே தன்னைத் தானே திட்டிக்கொள்வதும், கண்ணீரோடு அதன் தலையைத் தடவுவதும் ஒரே ஆளிடம் ஒரே இரவில் நடப்பவை. அந்த நினைப்பு வந்தவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமன்று. மறதி நோயாளிகளைப் பராமரிப்போரின் சுமையை அளப்பதற்காக 1980-இல் ஸ்டீவன் ஜாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகலின் குழு அதை வளர்ப்புப் பிராணி உரிமையாளர்களுக்கு ஏற்றபடி மாற்றி, 238 பேரிடம் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டது. அவர்களில் பாதிப் பேரின் பிராணிகள் நோயுற்றவை, பாதிப் பேருடையவை நலமானவை. நோயுற்ற பிராணியை வைத்திருந்தவர்களிடம் சுமையும் மன அழுத்தமும், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகளும் கூடுதலாக இருந்தன. அந்த அம்மாவை அழைத்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் எனக்கும் இது தெரிந்திருக்கும், நான் பேசவில்லை. "போகிறதல்லவா?" என்று தலையசைப்பை மட்டுமே எதிர்பார்த்துக் கேட்டேன். கடந்த பத்து வேளைகளில் எத்தனை விட்டுப்போயின என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் கேட்கிறேன்.

குதிரை வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் கடினம், ஏனெனில் பெரும்பாலும் அதுதான் அவர்களுடைய வருமானமும். கடற்கரையில் சவாரி ஓட்டும் ஒருவருடைய குதிரை, இரவில் கட்டு அவிழ்ந்து தானிய மூட்டையைத் தின்று தீர்த்ததில் குளம்புகளுக்குள் அழற்சி கண்டு கடும் வலி எடுத்தது. முன்கால்களை முன்னே நீட்டி, எடை முழுவதையும் பின்னால் சாய்த்து நிற்கும் அந்த நிலையைப் பார்த்தாலே குதிரை தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கும். மூட்டையைக் கட்டாமல் விட்டது தான்தான் என்பதால், அவர் நாற்பது இரவுகள் லாயத்தை விட்டு நகரவில்லை. சவாரி இல்லாததால் வரும்படியும் இல்லை. குளம்புக்கடியில் மெத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த வாக்கிலேயே கண் அயர்ந்தார். முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி வலியில் ஒருமுறை பக்கம் மாற்றியது. அவருக்கு விலா எலும்பு முறிந்தது. குதிரை தேறிவிட்டது என்று சொல்ல ஆசைதான், முழுவதுமாகத் தேறவில்லை.

உறக்கம் கெட்டவர் குதிரையின் காலடியில் வேலை செய்யக் கூடாது. இதைக் கெஞ்சலாக அல்ல, கண்டிப்பாகவே சொல்கிறேன். இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்காரவோ மண்டியிடவோ கூடாது, சட்டென்று எழுந்து விலக முடியும்படி குந்தியே இருக்க வேண்டும். முறை வைத்து உறங்க வேண்டும்.

தவிப்பு இன்னொரு வகையிலும் ஆளைக் கெடுக்கிறது. சும்மா இருக்க முடியாமல், எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். வயிற்றுவலி வந்த குதிரையை விடிய விடிய நடத்துகிறார்கள். அது புரளாமல் அமைதியாக நின்றால் நிற்க விடுங்கள், புரள முயன்றால் சிறிது நேரம் நடத்தினால் போதும், அதற்குள் மருத்துவரை அழையுங்கள். பாட்டிலால் வாயில் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். நள்ளிரவில் பூனையின் முனகல் பொறுக்காமல் வீட்டிலிருந்த பாராசிட்டமாலைக் கொடுத்துக் காலையில் பிணமாகக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட மனம் வருவதில்லை. ஆனால் முன்கூட்டியே எல்லோரையும் திட்டி வைக்கிறேன்: மனிதர்களின் வலி மாத்திரை எதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வார்த்தைகள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. சாப்பிடாத நாய்க்கு வழக்கமான அளவைப் போடாமல் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். இன்சுலின் பாட்டிலில் 40 என்று இருந்தால் சிரிஞ்சிலும் 40 என்றே இருக்க வேண்டும். அப்பாவுக்குப் போடும் சிரிஞ்சையே நாய்க்கும் எடுக்கும் வீடுகள் உண்டு. தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவிவிட்டுக் கிளம்புங்கள், நினைவில்லாத வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள்.

இவற்றைவிட முக்கியமானது, உங்களால் எவ்வளவு முடியும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்வது. ஒரு நாளைக்கு நான்கு வேளை மருந்து என்று நான் எழுதும்போது, இரண்டு வேளைதான் ஆள் இருக்கிறது என்றால் அங்கேயே சொல்லுங்கள். இரண்டு வேளைக்கு ஏற்ற மருந்து பெரும்பாலும் இருக்கும். ஊசி போடக் கை நடுங்குகிறது என்றால் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கற்றுத்தருவேன். பணம் இவ்வளவுதான் என்றால் அதையும் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கத்தில் அன்று அது சாப்பிட்டதா, எழுந்து நடந்ததா, நீங்கள் உறங்கினீர்களா என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து வையுங்கள். விடை கொடுக்கலாமா என்ற கேள்வி வரும்போது உங்கள் நினைவைவிட அந்தத் தாள்கள் நேர்மையாகப் பேசும். அது போன பிறகு முதலில் வருவது அழுகையாக இல்லாமல் நிம்மதியாக இருந்தால் பயப்படாதீர்கள், பலருக்கும் அப்படித்தான். வாரக்கணக்கில் உறக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்வதே வீண் என்று தோன்றினால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். நாய்க்காகவா என்று அங்கே யாராவது கேட்பார்களோ என்று தயங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். காணொலியில் நாயைக் காட்டச் சொல்லும் நீங்கள், கேமராவைப் பிடித்திருக்கும் கையையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அந்த ஸ்பிட்ஸின் மாலை ஊசிக்கு மகன் இப்போது மாதச் சம்பளத்தில் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறார். விட்டுப்போயிருந்த கருத்தடை அறுவையும் செய்தாகிவிட்டது, இன்சுலின் மீண்டும் 4 யூனிட்டுக்கு வந்திருக்கிறது.

வீட்டார் முன்னால் சொல்ல வாய் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதுங்கள். "மாலை வேளை முடியவில்லை" என்று மூன்றே சொற்கள் போதும். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் மடித்துக் கொடுத்தால், நீங்கள் உள்ளே வருவதற்கு முன்பே அது உங்கள் கோப்புக்குள் இருக்கும்.