‘தைரியமா இரு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

குடும்பத்தில் பெரிய அடி விழுந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: “தைரியமா இரு.” வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் கூடவே இன்னொன்று: “இனிமே நீதான் அம்மாவைப் பாத்துக்கணும்.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கொங்குப் பகுதியில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் எனக்கு, அந்த வார்த்தையை நம்பி தைரியமாகவே இருந்துவிட்டு, சில வருடம் கழித்து என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகளைத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே வருகிறவர்கள் யாரும் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பெண். அப்பா வேறொரு பெண்ணோடு வெளியூர் போய்விட்டார். அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர இரவு ஒன்பது ஆகும். தம்பிக்குச் சோறு, வீட்டுப்பாடம், தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை எல்லாம் இவள் பொறுப்பு. மார்க் குறையவே இல்லை. “பாரு, எப்படிச் சமாளிக்குது” என்று தெருவே மெச்சியது. அப்புறம் ஒரு நாள் பள்ளியில் காலை பிரேயரில் மயங்கி விழுந்தாள். கை கால் இழுத்துக்கொண்டது. அது அடிக்கடி வர ஆரம்பித்தது. ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜியும் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். உறவில் ஒருவர் வலிப்பு என்றார், ஒருவர் நடிப்பு என்றார், இன்னொருவர் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்.

இது நடிப்பு இல்லை. டிசோசியேட்டிவ் வகைப் பாதிப்பு என்று மனநல மருத்துவத்தில் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத நெருக்கடி உடம்பு வழியாக வெளியே வருகிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை எதையும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு எச்சரிக்கை: இப்படி இழுப்பு வந்தால் முதலில் நரம்பு மருத்துவரிடம் காட்டி, வலிப்பு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. “எல்லாம் மனசுதான்” என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

அந்தப் பெண்ணோடு நிறையப் பேசினோம். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம், மயக்கம் வரப்போவதை முன்கூட்டியே கவனிக்கப் பழக்கினோம். இருந்தாலும் உண்மையான மாற்றம் வந்தது அவளுடைய அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஊரிலிருந்து வந்து கூடவே தங்கிய பிறகுதான். சாயங்காலச் சமையல் அம்மாயி கைக்குப் போனது. தம்பி அம்மாயியிடம் அடம்பிடிக்க ஆரம்பித்தான், அக்காவை விட்டுவிட்டான். அம்மா ஒருநாள் மகளை உட்காரவைத்து, “கடன், வாடகை, அப்பா விஷயம் எல்லாம் நான் பாக்கறேன். நீ உன் படிப்பைப் பாரு” என்று சொன்னார். அதைக் கேட்டு அந்தப் பெண் அழுத அழுகை, அப்பா போன நாளில் அழவேண்டிய அழுகை. பொதுத்தேர்வு நேரத்தில் மயக்கம் அநேகமாக நின்றிருந்தது.

அவளுக்கு மன உறுதி முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருந்தது. இடையில் மாறியது சுமை. ஒரு ஆள் வந்து பாதியை வாங்கிக்கொண்டார்.

மீண்டு வந்தவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டால், நான் கேட்ட வரையில், யாரோ ஒருவர் இப்படி நடுவில் வந்து நிற்கிறார். அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் சார், வேலை கொடுத்த முதலாளியம்மா, யாராவது. வெற்றிக் கதை சொல்லும்போது மட்டும் அந்த ஆளை நாம் விட்டுவிடுகிறோம்.

சகோதரி சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1886-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்துவைத்தார்கள், சீக்கிரமே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கப்படி தலையை மழித்து ஒரு மூலையில் உட்காரவைத்திருக்க வேண்டியவர். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அடுத்த ஆண்டே விதவைச் சிறுமிகளைப் படிக்கவைக்கும் வேலையில் இறங்கினார். அவர்களுக்காக அவர் நடத்திய விடுதி பிறகு திருவல்லிக்கேணி கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது, இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். 1958-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த வரலாற்றை ஒற்றைப் பெண்ணின் வைராக்கியமாகச் சொல்லலாம், அந்த வைராக்கியமும் பொய் இல்லை. ஆனால் மகளை மூலையில் உட்காரவைக்க மறுத்து, உறவினர் பேச்சைத் தாங்கிக்கொண்டு படிக்கவைத்தவர் அப்பா சுப்பிரமணிய ஐயர். கூடவே நின்றவர் சித்தி வாலாம்பாள், அவரும் இளம் வயதில் கணவரை இழந்தவர். விடுதிச் சிறுமிகளுக்குச் சமையலும் பராமரிப்பும் பார்த்துக்கொண்டவர் அந்தச் சித்திதான். அப்பாவும் சித்தியும் இல்லாமல் அந்தக் கதையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை என்று பல நெருக்கடிகள் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்களிலும் மூன்றில் ஒருவர் படிப்பிலோ நடத்தையிலோ பெரிய சிக்கல் இல்லாமல், பாசமும் பொறுப்பும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் முக்கியமானது, சின்ன வயதில் நிலையாகக் கூடவே இருந்த ஒரு பெரியவரின் துணை. அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தாத்தா பாட்டி, அத்தை, ஆசிரியர் யாராக இருந்தாலும் அது போதுமானதாக இருந்தது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு, எனக்கு அதுதான் மேலும் முக்கியம். அந்த நெருக்கடி வீடுகளில் பிறந்த மற்ற இரண்டு பங்குப் பிள்ளைகள் பதின்ம வயதில் தடுமாறினார்கள். படிப்பை விட்டார்கள், போலீஸ் வரை போனார்கள், சின்ன வயதிலேயே கர்ப்பமானார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது அவர்களிலும் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள். சிலர் விட்ட படிப்பைத் தொடர்ந்தார்கள், சிலர் ராணுவத்தில் சேர்ந்தார்கள், சிலருக்கு நல்ல துணை அமைந்தது, சிலரை ஒரு வழிபாட்டுக் குழு ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து “இது உருப்படாது” என்று கணக்கை முடிக்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல விரும்புகிறேன்.

இனி, அப்பாவோ அம்மாவோ விட்டுவிட்டுப் போன வீட்டைப் பற்றி.

சாவு விழுந்த வீட்டுக்கு ஊரே வரும். பந்தல் போடுவார்கள், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், காரியம் வரை ஆள் மாற்றி ஆள் இருப்பார்கள். அழலாம், அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கணவன் ஓடிப்போன வீட்டுக்கு யார் வருகிறார்கள்? வந்தாலும் விஷயம் தெரிந்துகொள்ள வருகிறார்கள். அந்தப் பெண் பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா, ஸ்கூல் ஃபாரத்தில் அப்பா பெயர் எழுதுவதா, தீபாவளிக்குப் புதுத்துணி எடுப்பதா, எதற்கும் ஒரு வழிமுறை கிடையாது. இழப்பு நடந்துவிட்டது, ஆனால் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. போர்முனையில் காணாமல் போன ராணுவ வீரர்களின் குடும்பங்களைக் கவனித்த பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்த வகைத் துயரம் தனி என்று எழுபதுகளிலேயே எழுதினார். திரும்பி வருவார் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், வரமாட்டார் என்ற கோபம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் மனது உறைந்து நிற்கும். இதைப் பலவீனம் என்று சொல்லவே கூடாது. சூழ்நிலை அப்படி.

குழந்தைகளுக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. “அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கார்” என்று சொல்லி வைக்கிறார்கள். பிள்ளை காத்திருக்கிறது. தெருவில் வேறு கதை காதில் விழுகிறது. ஆறேழு வயது என்பது, உலகத்தில் நடக்கிற எதற்கும் தாங்களே காரணம் என்று பிள்ளைகள் நினைக்கிற வயது. சைக்கிள் கேட்டு அழுததால்தான் அப்பா போய்விட்டார் என்று நம்பிய ஒரு பையன், யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் அதைச் சுமந்திருந்தான். எதையும் கேட்கவே மாட்டான். “எவ்வளவு சமர்த்து” என்று வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: “அப்பா இனி நம்மோடு இருக்கமாட்டார். அது பெரியவங்க பிரச்சினை. நீ செஞ்ச எதுவும் அதுக்குக் காரணம் இல்லை. நான் எங்கேயும் போகமாட்டேன்.” போனவரைத் திட்டி அந்தப் பேச்சை முடிக்காதீர்கள், பிள்ளைக்கு அவர் பாதி சொந்தம். ஒரே தடவையோடு முடியாது, அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்குத் தூக்கம், அதே பள்ளிக்கூடம், முடிந்த வரை மாற்றாதீர்கள். வீடு ஆடிப்போன பிள்ளைக்கு நாளையும் இன்று போலவே இருக்கும் என்று தெரிவது பெரிய மருந்து.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி புற்றுநோயில் இறந்த லாரி டிரைவர் ஒருவர். பிள்ளைகளை இரண்டு பக்கச் சொந்தமும் ஆளுக்கொன்றாகக் கூட்டிப்போய்விட்டார்கள், உதவி செய்வதாக நினைத்துத்தான். வெறும் வீட்டில் அவர் தினமும் குடிக்க ஆரம்பித்தார். அவரை மீட்டது மச்சான், இறந்துபோன மனைவியின் தம்பி. திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, கூடவே படுத்துக்கிடந்தார். பிறகு பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம்: பல நாளாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் கடுமையான நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

துயரம் எப்போது மருத்துவம் தேவைப்படும் நிலைக்குப் போகிறது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், குளிக்கவோ வேலைக்குப் போகவோ முடியாமல் இருந்தால் காட்டுங்கள். “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாகக் காகிதங்கள். மனநலம் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் தூக்கத்தைக் கெடுக்கும்போது வெறும் ஆறுதல் பேச்சு அதிக தூரம் போகாது. அப்பாவை இழந்த, அல்லது கைவிடப்பட்ட தாயோடு வாழும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம், வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், பிரிந்து ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும் அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்ததற்கான சான்று வேண்டும்.

ஜீவனாம்சத்துக்கு இந்த ஐந்து வருடக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று சொல்வார்கள், 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. வக்கீல் செலவுக்குப் பயந்து நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைய அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. அங்கே தனியாகப் போக நிறையப் பெண்கள் தயங்குவார்கள், பாதி வழியில் திரும்பி வந்தவர்களும் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு அவரோடு கூடப் போய்வாருங்கள்.