தீயரண்: ஃபயர்வாலுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கணினி வலையைக் காக்கும் தடுப்புக்கு இன்று வழங்கும் ஃபயர்வால் என்ற பெயர் முதலில் கட்டடக்காரர்களின் சொல். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், ஒரு வீட்டில் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டுக்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் கனத்த சுவருக்கு அந்தப் பெயர். 1666இல் லண்டன் எரிந்ததற்கு மறு வருடமே, புது வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த அச்சத்தின் வழிவந்ததுதான் இந்தச் சுவரும். காரில் என்ஜினுக்கும் ஆள் உட்காரும் பகுதிக்கும் நடுவே இருக்கும் தடுப்புக்கும் பின்னாளில் இதே பெயர் வந்தது.

கணினித் துறைக்குள் இது நுழைந்தது 1980களின் கடைசியில். 1988 நவம்பர் 2 அன்று கிளம்பிய மாரிஸ் புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரல்) சுமார் 6,000 கணினிகளைத் தொற்றியதாக மதிப்பிட்டார்கள். அன்று இணையத்தில் இருந்தவையே ஏறத்தாழ 60,000தான். ஒரு பல்கலைக்கழகத்தில் பற்றியது இன்னொன்றுக்குத் தாவியதைப் பார்த்தவர்களுக்கு நெருப்பின் நினைவு வந்ததில் வியப்பில்லை.

தமிழில் தீச்சுவர், நெருப்புச்சுவர், தீயரண் என மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. எது சரி என்று பார்க்க, ஃபயர்வாலாக வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் பெட்டி செய்யும் வேலையைப் பார்ப்பதே நல்லது. அப்படி ஒன்றை நாமே அமைக்கப் பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் போதும். 64 பிட் பிராசசர், 2 ஜிபி ராம், இரண்டு லேன் போர்ட் இருக்க வேண்டும்; ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒரு லேன் கார்டு வாங்கிச் செருகலாம். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஐபிஃபயர் ஆகிய மூன்று ஃபயர்வால் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைப்பவை. பென் டிரைவிலிருந்து நிறுவலாம், ஆனால் வன்தட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பிஎஃப்சென்ஸ் நிறுவும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: எந்த போர்ட் வெளிப்பக்கம், எந்த போர்ட் உள்பக்கம்? பழைய இன்டெல் கார்டு பெரும்பாலும் ‘இஎம்0’ என்றும் ரியல்டெக் கார்டு ‘ஆர்இ0’ என்றும் தெரியும். வெளிப்பக்கத்தில் இணைய நிறுவனம் கொடுத்த மோடம், உள்பக்கத்தில் வீட்டு வைஃபை ரவுட்டர். மாற்றிச் செருகினால் ஒன்றும் ஓடாது.

இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் (பாக்கெட்) போகும். இனி வீட்டுக்குள் வரும், வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலமும் இந்தப் பெட்டியைத் தாண்டியாக வேண்டும். பொட்டலத்தின் தலைப்பில் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, துறை எண் (எந்தச் சேவைக்கான வாசல் என்று சொல்லும் போர்ட் நம்பர்) எல்லாம் இருக்கும். அதைப் படித்து, நாம் எழுதிவைத்த விதியோடு ஒப்பிட்டு, விடுவதா தடுப்பதா என்று பெட்டி முடிவு செய்யும். உள்ளிருந்து யாராவது ஒரு தளத்தைக் கேட்டால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கான பதிலை மட்டும் திரும்ப உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து கதவைத் தட்டுவது அப்படியே கீழே போடப்படும். பதிவேட்டைத் திறந்து பாருங்கள், துறை எண் 23ஐத் தட்டிப் பார்த்துப் போகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது அந்த வாசல் வழியாகத்தான்.

சுவர் ஆளைப் பார்த்து வழி விடாது. இந்தப் பெட்டியின் வேலையே பார்த்து வழி விடுவதுதான். அதனால் தீச்சுவர் எனக்கு ஒட்டவில்லை. அரண் என்றால் மதில், அகழி, காவற்காடு, வாயில், அதில் நிற்கும் காவலர் என எல்லாம் சேர்ந்த அமைப்பு. ‘சிறுகாப்பிற் பேரிடத்த தாகி’ என்று குறள் 744 அரணுக்கு இலக்கணம் சொல்கிறது: காக்க வேண்டிய இடம் சிறிது, உள்ளே பரப்போ பெரிது. வீட்டில் இருபது கருவிகள் இருந்தாலும் காவல் வைக்க வேண்டியது ஒரே ஒரு கம்பிக்குத்தான்.

அப்படியானால் வெறும் ‘அரண்’ என்றே சொல்லிவிடலாமே, தீ எதற்கு? மூன்றாவதாக ஒரு லேன் கார்டைச் செருகி, சிசிடிவி கேமராவையும் ஸ்மார்ட் டிவியையும் தனி வலையில் பிரித்து வைத்தால் விடை கிடைக்கும். கேமராவில் ஏதாவது புகுந்தாலும் பிள்ளைகளின் லேப்டாப்புக்குத் தாவ முடியாது. இங்கே பகைவன் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறான். தடுக்க வேண்டியது பரவலை. லண்டன் வீட்டுச் சுவரின் அதே வேலை இது. கோட்டைக்கு வெளியே பார்க்கிற ‘அரண்’ இதைச் சொல்லாது, ‘தீ’ சொல்கிறது. இரண்டையும் ஏந்துவதால் தீயரண் என்பதே என் தேர்வு. வேகமாகப் படித்தால் ‘தீயர்’ என்று கண்ணில் படுகிறது என்பார்கள். படட்டும், அதுவும் பொருத்தந்தான்.

மின்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். 70 வாட் இழுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் அளவு முழுதும் அதற்கே போய்விடும். பழைய லேப்டாப் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதில் லேன் போர்ட் ஒன்றுதான் இருக்கும், யுஎஸ்பி வழியே இன்னொன்று சேர்க்க வேண்டும்.

தீ + அரண், இடையில் யகர உடம்படுமெய். தீயரண் விதி, தீயரண் பதிவேடு என்று தொகையாகவும், ‘தீயரணில் 443ஆம் துறையைத் திறந்துவிடு’ என்று பேச்சிலும் சிரமமில்லாமல் வருகிறது. கடையில் லேன் கார்டு கேட்கும்போது மட்டும் ஃபயர்வாலுக்கு என்றே கேளுங்கள்.