நாற்பதில் பார்க்காத பிரஷரும் எழுபதின் மருந்துச் செலவும்

இலங்கையில் 2012 குடிசனக் கணக்கெடுப்பின்போது 65 வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள். 2024 கணக்கெடுப்பில் அது 12.6 வீதம். இந்தக் கணக்கு வந்ததிலிருந்து, "வயசாளிங்க கூடிப்போச்சு, இனி ஆஸ்பத்திரிச் செலவு நாட்டையே தின்னுடும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஹட்டன் பக்கம் ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு இதில் உடன்பாடில்லை. வயது மட்டும் இவ்வளவு செலவு வைக்காது. நடுவயதில் கவனிக்காமல் விட்ட நோய்தான் பிற்காலத்தில் வட்டியோடு வந்து நிற்கிறது.

பொருளியலாளர்களும் இதைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1999இல் பீட்டர் ஸ்வைஃபெலும் அவரோடு சேர்ந்தவர்களும் சுவிட்சர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவருடைய மருத்துவச் செலவு ஏறுவது அவருக்கு எத்தனை வயது என்பதைப் பொறுத்தல்ல, சாவுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தே என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றைத் திருத்தின: படுக்கையில் விழுந்தவரை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் செலவு வயதோடு கூடத்தான் செய்கிறது.

எங்கள் மலைநாட்டில் அந்தப் பராமரிப்புச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போன தாத்தாவைப் பார்க்க யார் வீட்டில் நிற்பது? பெரும்பாலும் மருமகள்தான். அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாத ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகிறது. பிள்ளைகள் கொழும்பில் கடையிலோ, வெளிநாட்டில் வீட்டு வேலையிலோ இருப்பார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிஞ்சுவது வயதானவர்களும் பேரப்பிள்ளைகளும்தான்.

அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், உண்மை. அதற்காக நன்றியோடு இருக்கிறேன். ஆனாலும் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பாதியை நெருங்கும் பங்கு மக்களின் பையிலிருந்தே போகிறது. சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயலிசிஸுக்குப் போகிறவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை போகவேண்டும். தோட்டத்துக் கடைசி டிவிஷனிலிருந்து தார் ரோட்டுக்கு வரவே ஆட்டோ பிடிக்கவேண்டும், அப்புறம் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பஸ், கூட ஓர் ஆள். இயந்திரம் இலவசமாக ஓடினாலும் குடும்பம் ஓட்டாண்டியாகிவிடுகிறது.

கவுன்டரில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். ஒரு மாதத்துக்கு எழுதியிருக்கும். "அஞ்சு நாளைக்கு மட்டும் குடுங்க தம்பி" என்பார் அம்மாயி. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து விலை ஏறிய பிறகு இது அதிகமாகிவிட்டது. விலையைச் சொன்னதும் எதைக் குறைப்பார் தெரியுமா? பிரஷர் குளிசையைத்தான். அது ஏறினாலும் உடம்பில் வலி தெரியாதே. கையோடு, "முழங்கால் வலிக்கு அந்தச் சிவப்புக் குளிசை ரெண்டு கார்டு" என்று கேட்பார். அது டைக்ளோஃபெனாக்.

முப்பது நாற்பது வருஷம் சரிவில் நின்று கொழுந்து பறித்த முழங்கால் அது. வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் டைக்ளோஃபெனாக் மாதிரியான வலிக்குளிசைகளைத் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் கெடும். லொசார்டன் என்ற பிரஷர் மருந்து குடிப்பவருக்கு அதன் பலனையும் குறைத்துவிடும். நீரிழிவும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலிக்குளிசைக்குக் கொடுக்கும் சின்னக் காசுதான் சிலருக்கு டயலிசிஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. தயவுசெய்து உங்கள் வீட்டு முதியவரின் மருந்துப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். டொக்டர் எழுதாத வலிக்குளிசை இருந்தால் பையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வலிக்கு வேறு வழி சொல்வார்கள்.

துண்டில் உள்ளதை வாங்கும்போது, இதே மருந்து குறைந்த விலையில் வேறு கம்பனியில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்தில் அரச மருந்துக்கடையான ஒசுசல இருந்தால் அங்கும் விசாரியுங்கள். அதை நடத்தும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் உருவானது. சாதாரண ஆளுக்கும் மருந்து எட்டவேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அடுத்தது ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அதை எடுக்கலாம். கைக்கு வந்ததும் மகளின் கல்யாணம், கூரைத் தகரம், நகை மீட்பு என்று கரைந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை, எல்லாமே தேவைகள்தான். ஆனால் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் இருபது ஆண்டளவில் வாழ்கிறார், தோட்டத் தொழிலாளிக்கு மாதாமாதம் வரும் பென்ஷன் கிடையாது. அந்தக் காசிலும் சேவைக்காலப் பணத்திலும் ஒரு பங்கையாவது அவர் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டுவையுங்கள்.

35 வயதைத் தாண்டிய யாரும் அரச ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடக்கும் சுகவாழ்வு நிலையத்தில் பிரஷர், சீனி, எடை எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கலாம். வெற்றிலை போடுபவர்கள் வாயையும் காட்டிக்கொள்ளலாம். இது தெரிந்தவர்கள்கூடப் போவதில்லை, ஒரு நாள் பேர் போய்விடுமே என்ற பயம். அதனால் தோட்ட நிர்வாகங்களிடமும் தொழிற்சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன்: வருஷத்தில் ஒரு நாள், 35 தாண்டிய ஒவ்வொருவருக்கும் பரிசோதனைக்குப் போகும் அந்த நாளுக்கு முழுப் பேர் போடுங்கள். அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் மேசையில் வையுங்கள்.