ஒன்றுக்கு உப்புத் தொல்லை, மற்றொன்றுக்குத் தண்ணீர்த் தொல்லை

கோஸ்ட்டா ரிக்காவின் கரீபியக் கடற்கரையில் டோர்ட்டுகேரோ என்ற இடம் இருக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை அங்கே தோல்முதுகு ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. ஒவ்வொன்றும் சில நூறு கிலோ எடை. மணல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஐந்து கிராம் அளவே உள்ள ரீங்காரச்சிட்டுகள் அந்தரத்தில் நின்றபடி பூந்தேன் குடிக்கின்றன. எடையை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் சுவாரஸ்யம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை.

நம் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்ணிய குழாய்களான நெஃப்ரான்களில் ஹென்லே வளைவு என்றொரு பகுதி உண்டு. நீரை உடலுக்கே மீட்டுக்கொண்டு சிறுநீரை அடர்த்தியாக்க உதவுவது அதுதான். ஊர்வனவற்றுக்கு அது கிடையாது. ஆமையின் சிறுநீர் அதன் ரத்தத்தைவிட அடர்த்தியாகவே முடியாது. பறவைகளின் சிறுநீரகத்தில் பொதுவாக வளைவுள்ளவை, வளைவில்லாதவை என இரண்டு வகை நெஃப்ரான்களும் கலந்திருக்கும். ஆனால் கலிபோர்னியாவின் அன்னா ரீங்காரச்சிட்டை ஆராய்ந்தபோது, 99 சதவீதத்துக்கும் மேல் வளைவில்லாத ஊர்வன வகையாகவே இருந்தன. ஏறக்குறைய ஒரே வகைக் கருவி. கையில் இருக்கும் சிக்கல்களோ நேர் எதிரானவை.

முதலில் ஆமை. அதன் உணவு ஜெல்லி மீன். ஜெல்லி மீனின் உடம்பில் பெரும்பகுதி நீர்தான். அதுவும் கடல் அளவுக்கே உப்பு. ஆமையின் ரத்தத்தின் உப்புச் செறிவோ கடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தொண்டைக்குள் பின்னோக்கி வளைந்த முட்கள் ஜெல்லி மீனைப் பிடித்து நிறுத்த, கூடவே வந்த கடல்நீரை ஆமை வெளியே தள்ளிவிடும். அப்படியும் உள்ளே போகும் உப்பு ஏராளம்.

அதை வெளியேற்றுபவை கண்களின் அருகே இருக்கும் உப்புச் சுரப்பிகள். தோல்முதுகு ஆமையில் இவை மூளையைவிடப் பெரியவை. உடலியல் ஆய்வாளர்களான நட் ஷ்மிட்-நீல்சனும் ராக்னர் ஃபாங்கேயும் கடல் ஊர்வனவற்றின் உப்புச் சுரப்பிகளைப் பற்றி 1958இல் எழுதினார்கள். சுரப்பியின் செல்கள் ஆற்றலைச் செலவழித்து உப்பை ரத்தத்திலிருந்து இழுத்து, கடல்நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தியான கண்ணீராக வடிக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அது முழுவதும் அரை லிட்டர் கண்ணீரில் போய்விட்டால், மீதி அரை லிட்டர் நல்ல தண்ணீர் ஆமைக்கு லாபம். நாம் கடல்நீரைக் குடித்தால் நஷ்டம்தான் மிஞ்சும். முட்டையிடும் ஆமை வலி தாங்காமல் அழுகிறது என்பார்கள். அழவில்லை, உப்பைக் கொட்டுகிறது.

சிட்டின் கதை வேறு. பூந்தேனில் சர்க்கரை உண்டு, உப்பு மிகக் குறைவு, மற்றபடி தண்ணீர். இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும் உடலுக்குச் சர்க்கரை போதவே போதாது. எனவே ஒரே நாளில் தன் எடையைப் போல மூன்று மடங்கு வரைகூடக் குடிக்கிறது. அந்த நீரில் பெரும்பகுதியைக் குடல் உறிஞ்சிவிடுகிறது. இனி உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரை மட்டும் விரட்ட வேண்டும். வளைவில்லாத நெஃப்ரான் இதற்குக் கச்சிதம்: உப்பை மீட்டுக்கொண்டு மிக நீர்த்த சிறுநீரை விடுகிறது. மேற்காசியாவின் பாலஸ்தீனத் தேன்சிட்டு இன்னும் சாமர்த்தியமானது. தேன் நீர்த்திருந்தால் நீரில் பெரும்பங்கை ரத்தத்துக்கே விடாமல் குடல் வழியாக நேரே கழித்துவிடும்.

சிட்டுக்கு ஆபத்து இரவில். தேன் கிடையாது, மூச்சிலும் தோலிலும் நீர் போய்க்கொண்டே இருக்கும், சிறுநீரை அடர்த்தியாக்கிச் சேமிக்கவும் வழியில்லை. ஆகவே இரவில் பட்டினி கிடக்கும்போது சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலையே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மனிதனுக்கு இப்படி நேர்ந்தால் டயாலிசிஸ் வரை போக வேண்டிவரும். சிட்டின் சிறுநீரகமோ விடிந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடுகிறது.